விமானம் குறித்த நேரத்துக்கு முன்னரே புறப்பட்டது: பொறுப்பு நிறுவனத்துக்கா, முகவருக்கா, பயணிக்கா?

கேள்வி
எழுதியவர்: கோப்பாய் வாசகி

வணக்கம். விமானப் பயண நடைமுறையும் சட்டமும் அறிந்தவர்களின் கருத்தை வேண்டி இதை எழுதுகிறேன்.

என்னுடைய பெரியப்பாவும் பெரியம்மாவும் பாரிஸில் வசிக்கும் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக நிற்பதற்காகக் கட்டுநாயக்கவிலிருந்து புறப்படவிருந்தார்கள். இடையில் வளைகுடா நாடொன்றில் விமானம் மாறிச் செல்லும் இருவழிப் பயணச்சீட்டு அது. போவதும் வருவதும் ஒரே முன்பதிவு இலக்கத்தின் கீழ் இருந்தன. யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு முகவரிடம் காசு கட்டி வாங்கியிருந்தார்கள். சீட்டில் காணப்பட்ட புறப்படும் நேரம் இரவு 9.50. இருவரும் முற்பகலில் வாடகை வானில் வெளிக்கிட்டு, இரவு 7.30 அளவில் செக்-இன் கருமபீடத்துக்குச் சென்றபோது அது மூடப்பட்டிருந்தது. விமானம் 8.10க்குப் புறப்படும் வகையில் நேரம் மாற்றப்பட்டுவிட்டதாகவும், அம்மாற்றம் முன்பதிவிலுள்ள மின்னஞ்சல் முகவரிக்கு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டதாகவும் அங்கிருந்த அலுவலர் சொன்னார். அந்த முகவரி பெரியப்பாவினுடையது அன்று, முகவரினுடையது. தொலைபேசி இலக்கமும் அவ்வாறே.

அடுத்த நாள் விமானத்தில் ஏற வேண்டுமானால் கட்டண வித்தியாசத்தையும் 'வராத பயணி' என்ற வகையில் தண்டப்பணத்தையும் கட்ட வேண்டும் என்றும், கட்டாவிட்டால் திரும்பி வரும் பயணமும் தானாகவே இரத்தாகிவிடும் என்றும் கூறப்பட்டது. வேறு வழியின்றிக் கட்டினார்கள். அன்றிரவு நீர்கொழும்பில் விடுதி எடுத்துத் தங்கினார்கள். இப்போது முகவரைக் கேட்டால், நேரத்தை மாற்றியது நிறுவனம், எங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்கிறார். நிறுவனத்தைக் கேட்டால், முகவருக்கு அறிவித்துவிட்டோம், அத்துடன் எங்கள் கடமை முடிந்தது என்கிறார்கள். இருவருக்கும் இடையில் முதியவர்கள் இருவர் கட்டிய பணத்துக்கு யார் பதில் சொல்வது? விமான நேரத்தைச் சரிபார்ப்பது பயணியின் கடமை என்று சட்டத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா?


பதில் 1
எழுதியவர்: ஓய்வுநிலைத் தரைச்சேவையாளர்

விமான நிலையத்தில் கருமபீடத்தின் மறுபக்கத்தில் நெடுங்காலம் நின்றவன் என்ற வகையில் எழுதுகிறேன். என் பதில் சிலருக்குக் கசக்கக்கூடும்.

சீட்டில் இருக்கும் புறப்படும் நேரம் என்பது விமானம் தரையை விட்டு எழும் நேரம் அன்று. கதவுகள் பூட்டப்பட்டு, ஏணியும் பாலமும் விலக்கப்பட்டு, சில்லுக்கட்டைகள் எடுக்கப்பட்டு, விமானம் தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரமே அது. அதற்கு முன்னர் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் பல உள்ளன. கருமபீடம் மூடிய பின்னரே இறுதிப் பயணிப் பட்டியலும் பொதிகளின் எண்ணிக்கையும் உறுதியாகும். அவற்றைக் கொண்டே விமானத்தின் எடையும் சமநிலையும் கணக்கிடப்பட்டு விமானியின் கையொப்பத்துக்குப் போகும். பயணிகளின் கடவுச்சீட்டு விபரங்கள் பல நாடுகளுக்கு முன்கூட்டியே அனுப்பப்பட வேண்டும். நீண்ட தூர விமானங்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்படுவதற்கு 60 நிமிடங்களுக்கு முன் கருமபீடத்தை மூடுவது இதனாலேயே. சில நிறுவனங்கள் அதற்கும் முன்னதாக மூடுகின்றன. எனவே பயணி மனத்தில் வைத்திருக்க வேண்டியது புறப்படும் நேரத்தை அன்று, கருமபீடம் மூடும் நேரத்தையும் அதன்பின் வாயில் மூடும் நேரத்தையுமே.

ஒருவர் செக்-இன் செய்து பொதியை ஒப்படைத்துவிட்டு வாயிலுக்கு வராவிட்டால், அந்தப் பொதியைத் தேடி இறக்காமல் விமானம் புறப்பட முடியாது. 1985 யூன் 23இல் எயார் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அத்திலாந்திக் கடலின் மேல் வெடித்து 329 பேர் இறந்ததற்குக் காரணம், பயணி ஏறாமல் குண்டு வைத்த பொதி மட்டும் ஏற்றப்பட்டிருந்ததே. அதன் பின்னர் பயணியையும் பொதியையும் பொருத்திப் பார்க்கும் விதி சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 17ஆம் இணைப்பின் வழியாக உலகெங்கும் கட்டாயமாயிற்று. வரிவிலக்குக் கடையில் நின்றுகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பின் போகலாம் என்று இருப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. தட்டிவானை மறிப்பதுபோல் கையைக் காட்டி விமானத்தை நிறுத்த முடியாது.

நேர மாற்றம் பற்றி: விமான அட்டவணைகள் ஆண்டில் இரு தடவை, மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறிலும் ஒக்ரோபர் மாதத்தின் கடைசி ஞாயிறிலும் பருவம் மாறுகின்றன. ஐரோப்பாவின் கடிகாரங்கள் மாற்றப்படும் நாட்களும் அவையே. மாதக்கணக்கில் முன்கூட்டி வாங்கிய சீட்டு இந்த எல்லைகளில் ஒன்றைத் தாண்டிச் செல்லுமானால், நேரம் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம். புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னும், பின்னர் முதல் நாளும், முகவரிடம் கேட்காமல் நிறுவனத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோ முன்பதிவு இலக்கத்தையும் பெயரையும் இட்டுப் பார்ப்பதே முறை. முன்பு 72 மணி நேரத்துக்கு முன் தொலைபேசியில் மீளுறுதி செய்யும் வழக்கம் இருந்தது. அது கட்டாயமில்லாமல் போனபின் மக்கள் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு கடந்த விமானங்களில் நிகழும் குழப்பத்துக்கு அளவேயில்லை. 15ஆம் திகதி 00.40 என்று சீட்டில் இருந்தால் 14ஆம் திகதி மாலையே விமான நிலையத்துக்குப் போய்விட வேண்டும். 15ஆம் திகதி இரவு குடும்பமாக வந்து நின்ற யாழ்ப்பாணத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு எந்த நாட்டுச் சட்டமும் உதவாது.

உங்கள் பெரியப்பாவின் விடயத்தில், அவர்கள் பழைய நேரத்தின்படி பார்த்தால் போதிய அவகாசத்துடன் வந்திருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் ஒருமுறை பார்த்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.


பதில் 2
எழுதியவர்: நல்லூர்ச் சட்டத்தரணி

முன்னவர் சொன்ன நடைமுறை விளக்கம் சரியானது. ஆயினும் "ஒருமுறை பார்த்திருந்தால்" என்பதோடு நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. ஆவணங்களைப் பார்க்காமல் எழுதும் பொதுவான விளக்கமாகவே இதைக் கொள்ளுங்கள்.

சர்வதேச விமானப் பயணத்தில் தாமதத்துக்கான பொறுப்பை வரையறுப்பது 1999ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம். அது இலங்கையைப் பொறுத்தவரை 2019 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. கட்டுநாயக்கவில் தொடங்கிக் கட்டுநாயக்கவிலேயே முடியும் இருவழிச் சீட்டென்றால், சட்டத்தின் கண்ணில் புறப்படும் இடமும் சேருமிடமும் இரண்டும் இலங்கையே. இடையில் வேறொரு நாட்டில் நிற்பதால் அது சர்வதேசப் பயணமாகிறது. ஆகவே சமவாயம் உங்களுக்குப் பொருந்தும். அதே காரணத்தால், 33ஆம் உறுப்புரையின்படி சேருமிடத்து நீதிமன்றம் என்ற வகையில் இலங்கை நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரவும் இடமுண்டு.

19ஆம் உறுப்புரை, பயணிகளைக் கொண்டு செல்வதில் ஏற்படும் தாமதத்தால் விளையும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பு என்கிறது. அச்சேதத்தைத் தவிர்ப்பதற்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எல்லா நடவடிக்கைகளையும் தானும் தன் ஊழியரும் முகவரும் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே அது விடுபடலாம். 'முகவரும்' என்ற பகுதியைக் கவனியுங்கள். உங்களிடம் சீட்டை விற்றவர் அந்த விற்பனையில் நிறுவனத்தின் முகவராக நின்றவர். அவருக்கு அறிவித்ததோடு கடமை முடிந்தது என்று நிறுவனம் சொல்வதும், அறிவித்தலைக் கடத்தாமல் விட்டது தன் முகவரே என்று ஒப்புக்கொள்வதும் ஏறத்தாழ ஒன்றுதான். உச்ச வரம்பு 2024 டிசெம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 6,303 விசேட எடுப்பனவு உரிமைகள். சர்வதேச நாணய நிதியத்தின் இந்தக் கணக்கலகு ஒன்றின் பெறுமதி ஓர் அமெரிக்க டொலருக்குச் சற்றுக் கூடியது. இது தானாகக் கிடைக்கும் தொகை அன்று. பற்றுச்சீட்டுகளால் நிரூபிக்கப்படும் உண்மையான செலவுக்கே அந்த வரம்பு.

எதிர்த்தரப்பு இரண்டு வாதங்களை வைக்கும். முதலாவது, 20ஆம் உறுப்புரை: சேதத்துக்குப் பயணியின் கவனயீனமும் காரணமாயின், அந்த அளவுக்கு நிறுவனத்தின் பொறுப்புக் குறையும். ஓய்வுநிலை ஐயா சொன்ன சரிபார்ப்புக் கடமை சட்டத்தில் நுழையும் வாசல் இதுதான். அது பொறுப்பைக் குறைக்கலாம். முதியவர்கள் தம் கையிலிருந்த சீட்டை நம்பி நேரத்துக்கு வந்தார்கள் என்ற நிலையில், முற்றாக அழிக்கும் என்று நான் கருதவில்லை. இரண்டாவது, இது தாமதமே அன்று, ஒப்பந்தத்தை நிறைவேற்றாமை என்ற வாதம். சில நாடுகளின் நீதிமன்றங்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்தியிருப்பது உண்மை. ஆனால் அப்படிக் கொண்டால், சமவாயத்துக்கு வெளியே நம் நாட்டின் உரோம-டச்சு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் அதே பணத்தைக் கேட்கலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிறுவனத்துக்குச் சுலபமான வழியில்லை.

முகவரின் பங்கு பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலும் வெள்ளவத்தையிலும் முகவர்கள் முன்பதிவில் தங்கள் இலக்கத்தையே போட்டுவிடுவது பரவலான வழக்கம்; வாடிக்கையாளர் அடுத்த தடவை நேரடியாக நிறுவனத்திடம் போய்விடுவார் என்ற அச்சமும் அதில் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 830டி தீர்மானத்தின்படி, 2019 யூன் முதல், முகவர் ஒவ்வொரு பயணியிடமும் அவரது கைத்தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் கேட்டு முன்பதிவில் சேர்க்க வேண்டும். பயணி கொடுக்க மறுத்தால் மட்டுமே விடலாம். பெரியப்பாவிடம் கேட்கப்பட்டதா? இல்லையென்றால் அது முகவரின் தவறு. மேலும், நேரம் மாறும்போது முகவரின் முன்பதிவு அமைப்பில் அந்த முன்பதிவு தனி வரிசையில் வந்து விழும். முகவர் அதைத் திறந்து மாற்றத்தை ஏற்றுக்கொண்டால் அந்தச் செயலும் அதன் திகதியும் பதிவாகும். ஆகவே நிறுவனத்திடம் முன்பதிவு வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். நேரம் எப்போது மாறியது, யாருக்கு அறிவிக்கப்பட்டது, யார் ஏற்றுக்கொண்டார் என்ற மூன்றும் அதில் இருக்கும். முகவரின் "எங்களுக்குத் தொடர்பில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் அந்த ஒரு தாளோடு நின்றுவிடும்.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதே போன்ற ஒரு பிணக்கை 2017 மே 11இல் தீர்த்தது. அம்ஸ்ரடாமிலிருந்து பரமரிபோவுக்குப் போகவிருந்த பயணியின் விமானம் இரத்தானது. சூரினாம் எயார்வேஸ் அதை உரிய காலத்தில் இணைய முகவருக்கு அறிவித்தது. முகவரோ பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே பயணிக்குச் சொன்னார். பயணியை நேரத்துடன் சென்றடைந்தது என்று நிரூபிக்க முடியாத நிறுவனமே நட்டஈடு கட்ட வேண்டும், முகவரிடமிருந்து அதை மீட்பது நிறுவனத்தின் சொந்த வேலை என்பது தீர்ப்பு. நமது நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் கடிதத்தில் எடுத்துக் காட்டத் தக்க நியாயம் அதில் இருக்கிறது.


கேள்வியாளர்

மிக்க நன்றி ஐயா. இலக்கம் எதையும் முகவர் கேட்கவில்லை என்று பெரியம்மா உறுதியாகச் சொல்கிறார். ஆனால் நிறுவனத்தின் நிபந்தனைகளில், சீட்டில் உள்ள நேரங்கள் உத்தரவாதமளிக்கப்பட்டவை அல்ல, அவை ஒப்பந்தத்தின் பகுதியும் அல்ல என்று எழுதியிருப்பதாக அலுவலர் சுட்டிக்காட்டினார். அதற்குப் பின் பேச இடமுண்டா?


பதில் 3
எழுதியவர்: நல்லூர்ச் சட்டத்தரணி

உண்டு. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் நிபந்தனைகளிலும் அந்த வாசகம் இருக்கிறது. நேரத்தை மாற்றும் சுதந்திரத்தை அது நிறுவனத்துக்குத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றியதைப் பயணிக்குத் தெரிவிக்காமல் விடும் சுதந்திரத்தைத் தருவதாக யாரும் வாசிக்க முடியாது. பல நிறுவனங்களின் நிபந்தனைகளில் அடுத்த வரியிலேயே, தொடர்பு விபரம் தரப்பட்டிருந்தால் மாற்றத்தை அறிவிக்க முயல்வோம் என்றும், மாற்றம் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால் வேறு விமானமோ மீளளிப்போ பெறலாம் என்றும் இருக்கும். அலுவலர் முதல் வரியை மட்டும் காட்டியிருப்பார். நீங்கள் முழுப் பந்தியையும் எடுத்து வாசியுங்கள். அத்துடன் சமவாயத்தின் 26ஆம் உறுப்புரை, நிறுவனத்தை அதன் பொறுப்பிலிருந்து விடுவிக்கவோ வரம்பைக் குறைக்கவோ முனையும் எந்த நிபந்தனையும் வெற்றானது என்கிறது.


பதில் 4
எழுதியவர்: லா சப்பல் அன்பர்

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள நம்மவர்கள் பலர் நினைப்பதுபோல் ஐரோப்பியச் சட்டம் எல்லாப் பயணத்துக்கும் குடை பிடிப்பதில்லை. விமானத் தாமதத்துக்கும் இரத்துக்கும் நட்டஈடு தரும் 261/2004 என்ற ஒழுங்குவிதி 2005 பெப்ரவரி 17 முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்கு வரும் ஒன்றிய நிறுவனங்களின் விமானத்துக்கும் அது பொருந்தும். வளைகுடா நிறுவனம் கொழும்பிலிருந்து பாரிஸுக்குக் கொண்டு வரும்போது பொருந்தாது. இருவழிச் சீட்டாக இருந்தாலும் போக்கும் வரவும் தனித்தனியாகவே பார்க்கப்படும் என்று 2008 யூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே நடந்து முடிந்த சம்பவத்துக்கு இந்த வழியில் பணம் கிடையாது.

ஆனால் அவர்கள் திரும்பி வரும்போது நிலைமை முற்றிலும் வேறு. சார்ள் டி கோல் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் கணத்திலிருந்து, வளைகுடாவில் மாறி ஏறும் இரண்டாவது விமானம் உட்பட, ஒரே முன்பதிவு என்றால் கட்டுநாயக்க வரை முழுப் பயணமும் ஒன்றாகக் கணிக்கப்படும். கடைசி இடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தி அடைந்தால், தூரம் 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்டது என்பதால் ஆளுக்கு 600 யூரோ. மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட தாமதமென்றால் அது பாதியாகக் குறைக்கப்படலாம். சேர்ந்த நேரம் என்பது சில்லு தரையைத் தொட்ட நேரம் அன்று, கதவுகளில் ஒன்றாவது திறக்கப்பட்டுப் பயணிகள் வெளியேறலாம் என்ற நேரம் என்பது 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இரண்டு மணி ஐம்பது நிமிடத் தாமதம் என்று நிறுவனம் எழுதினால், கதவு எப்போது திறந்தது என்று கேளுங்கள்.

உங்கள் பிரச்சினைக்கு நேரடியாகப் பொருந்தும் தீர்ப்பும் ஒன்று உண்டு. 2021 டிசெம்பர் 21இல், விமானத்தின் புறப்படும் நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முன்தள்ளப்பட்டால் அது இரத்துச் செய்யப்பட்டதாகவே கருதப்படும் என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. 9.50 விமானம் 8.10க்குப் போனது என்றால், இங்கே அது இரத்து. பதினான்கு நாட்களுக்கு முன் பயணிக்கே அறிவித்திருக்காவிட்டால் நட்டஈடு. கட்டுநாயக்கவில் நடந்ததால் மட்டுமே உங்களுக்கு அது கைக்கெட்டாமல் போகிறது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

மோசமான காலநிலை, வான்பரப்புக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்ற அசாதாரண நிலைகளில் 600 யூரோ கிடையாது. சாதாரண இயந்திரக் கோளாறு அசாதாரண நிலையாகாது. எது எப்படியிருந்தாலும், நீண்ட பயணத்தில் புறப்பாடு நான்கு மணி நேரம் பிந்தினால் உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் கொடுத்தே ஆக வேண்டும். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்பரப்பு மூடப்பட்டபோதுகூட அந்தக் கடமை நீங்கவில்லை என்றே பின்னர் தீர்ப்பு வந்தது.

பயணியின் பக்கத்துக் கடமையையும் அந்த ஒழுங்குவிதி எழுதியே வைத்திருக்கிறது: நிறுவனமோ முகவரோ எழுத்தில் குறிப்பிட்ட நேரத்தில், அப்படி எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் அறிவிக்கப்பட்ட புறப்பாட்டுக்குக் குறைந்தது 45 நிமிடத்துக்கு முன், செக்-இன்னுக்கு வந்திருக்க வேண்டும். வரிசை நீண்டிருந்தால் அங்கேயே நின்று சாகாமல், மூடும் நேரத்துக்கு முன் அலுவலர் ஒருவரிடம் போய்த் தம் விமானத்தைச் சொல்ல வேண்டும். பலகையில் தெரியும் நேரத்தோடு வரிசையைப் படமெடுத்தும் வைக்கலாம். பிரான்சில் கோரிக்கைக்கான காலம் ஐந்து ஆண்டுகள்.


பதில் 5
எழுதியவர்: அரியாலையான்

இதே திரியில் என் ஐயத்தையும் கேட்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், அதே நாள் பின்னேரம் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வேறு நிறுவனத்தில் தனிச் சீட்டும் எடுக்க எண்ணியுள்ளேன். கட்டுநாயக்கவுக்கு ஏ9 வீதியால் இரவிரவாகப் பேருந்தில் இடிபடுவதைவிட இது நல்லது என்று தோன்றுகிறது. பலாலி விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனம் ஏதாவது செய்யுமா?


பதில் 6
எழுதியவர்: பலாலிப் பயணி

எதுவும் செய்யாது. இரண்டு தனிச் சீட்டுகள் என்றால் இரண்டு தனி ஒப்பந்தங்கள். முதல் விமானம் எக்காரணத்தால் பிந்தினாலும், சிங்கப்பூர் விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே முன்பதிவில் இரண்டும் இருந்தால் மட்டுமே அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு வரும்.

தனிச் சீட்டில் இன்னுமொரு தடை உண்டு. சென்னையில் குடிவரவைக் கடந்து, பொதியை எடுத்து, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும் என்பதால் உங்களுக்கு இந்திய விசா வேண்டும். விசா இல்லாதவரைப் பலாலியிலேயே ஏற்ற மறுப்பார்கள். ஆவணக் குறைவால் ஏற்றாமல் விடுவதற்கு எந்த நாட்டிலும் நட்டஈடு இல்லை. அது முழுக்கப் பயணியின் பொறுப்பு.

பலாலியிலிருந்து பறப்பவை சிறிய ஏ.ரி.ஆர். விமானங்கள். 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, கொவிட் காலத்தில் சேவை நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியபோது அலையன்ஸ் எயார் மட்டுமே இருந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும் அதன் பின்னர் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் தொடங்கிய பின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆயினும் ஒரு விமானம் இரத்தானால் கட்டுநாயக்கவில் போல அடுத்தடுத்த தெரிவுகள் அன்றைக்கே கிடைக்காது. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சென்னையில் ஒரு இரவு தங்கி மறுநாள் சிங்கப்பூர் போவதே என் ஆலோசனை. விடுதிச் செலவு புதிய சீட்டின் விலையைவிடக் குறைவு.

அலையன்ஸ் எயாரும் இண்டிகோவும் இந்திய நிறுவனங்கள் என்பதால் இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிகளைத் தெரிந்து வைத்திருங்கள். இரண்டரை மணி நேரம் வரையான பயணங்களில் புறப்பாடு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ பிந்துமென்றால், நேரத்துக்கு செக்-இன் செய்த பயணிக்குச் சிற்றுண்டியும் உணவும் கொடுக்க வேண்டும். இருக்கைக்கு மேல் சீட்டு விற்றதால் ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் தராவிட்டால், அடிப்படைக் கட்டணத்தின் மடங்காகக் கணக்கிட்டு 10,000 அல்லது 20,000 இந்திய ரூபாவை உச்சமாகக் கொண்டு நட்டஈடு உண்டு. காலநிலையால் வரும் தாமதத்துக்குப் பணம் எதிர்பார்க்க வேண்டாம்.


கேள்வியாளர்

எல்லோருக்கும் நன்றி. நிறுவனத்துக்கும் முகவருக்கும் கடிதம் எழுதத் தயாராகிறேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் இப்போது பாரிஸில் இருக்கிறார்கள். நான் என் பெயரில் எழுதலாமா? எதையெல்லாம் இணைக்க வேண்டும்? திரும்பி வரும் சீட்டு இன்னும் உயிருடன் இருக்கிறதா என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது.


பதில் 7
எழுதியவர்: நல்லூர்ச் சட்டத்தரணி

கடைசிக் கேள்வியை முதலில் கவனியுங்கள். சீட்டின் முதற் பகுதியைப் பயன்படுத்தாவிட்டால் மிகுதிப் பகுதிகள் தாமாக இரத்தாகும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை. ஜேர்மனியின் சமஷ்டி உச்ச நீதிமன்றம் 2010இல் இவ்வகை நிபந்தனைகளை, அவை எழுதப்பட்டிருந்த வடிவத்தில், செல்லாதவை என்றது என்றாலும் நம்முடைய நடைமுறையில் அது பெரிதாக உதவாது. வித்தியாசத்தைக் கட்டிப் பறந்துவிட்டதால் சீட்டு மீள வழங்கப்பட்டிருக்கும். பாரிஸில் உள்ள மகளைக் கொண்டு இன்றே நிறுவனத்தின் இணையத்தளத்தில் முன்பதிவைத் திறந்து, திரும்பும் விமானம் 'உறுதி' என்று இருக்கிறதா, அதற்குரிய பயணச்சீட்டு இலக்கம் இருக்கிறதா என இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பதிவு மட்டும் இருந்து சீட்டு இலக்கம் இல்லாமல் இருப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு. அப்படியே முகவரின் மின்னஞ்சலுடன் மகளின் மின்னஞ்சலையும் இலக்கத்தையும் சேர்த்துவிடட்டும்.

கடிதம் பயணிகள் இருவரின் பெயரிலும் அவர்களின் கையொப்பத்துடனும் போக வேண்டும், ஒப்பந்தம் அவர்களுடையது. உங்களுக்கு அதிகாரமளித்து அவர்கள் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினால், பின்வரும் தொடர்பை நீங்கள் நடத்தலாம். முதலில் வழங்கப்பட்ட சீட்டின் பிரதி, புதிய சீட்டு, கட்டிய வித்தியாசத்துக்கும் தண்டத்துக்குமான பற்றுச்சீட்டு, நீர்கொழும்பு விடுதிப் பற்றுச்சீட்டு, முகவரிடம் காசு கட்டிய துண்டு ஆகியவற்றை இணையுங்கள். வான் சாரதியிடமிருந்து அன்று இறக்கிவிட்ட நேரத்தைக் குறிப்பிட்டு ஒரு சிறு கடிதம் வாங்க முடிந்தால் அதுவும் பயன்படும். மன உளைச்சலுக்கு இவ்வளவு என்று எழுதிக் கோரிக்கையைப் பெருப்பிக்க வேண்டாம். கட்டிய தொகையைச் சதம் தவறாமல் கேட்பதே கடிதத்துக்குப் பலம்.

நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றும் அனுப்பி, முகவருக்கும் பிரதி கொடுங்கள். நியாயமான காலத்தில் பதில் வராவிட்டால், 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு அதே கோவையுடன் முறையிடலாம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்ற நம்பிக்கையில் காலத்தைக் கடத்திவிடாதீர்கள்: சமவாயத்தின் 35ஆம் உறுப்புரைப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமையே அற்றுப்போகும், கடிதப் போக்குவரத்து அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. விமானம் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்தும் அக்காலம் எண்ணப்படலாம் என்பதால், முன்னதாக வரும் திகதியான முதற் சீட்டின்படி அவர்கள் பாரிஸில் இறங்கியிருக்க வேண்டிய நாளையே தொடக்கமாகக் குறித்து வையுங்கள்.